பால் கவரில் கல் அடிப்பது: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. அரை லிட்டர் பால் கவரைக் கழுவிக் காயவைத்து நிறுத்தால் சுமார் 3 கிராம் இருக்கும். நாம் அடிக்கப்போகிற தரைக்கல் ஏறக்குறைய 3 கிலோ. அதில் கால் பங்கு பிளாஸ்டிக், முக்கால் பங்கு மணல். ஆக ஒரு கல்லுக்கு 750 கிராம், அதாவது 250 கவர். தினம் ஒரு கவர் வாங்கும் வீட்டில் எட்டு மாதம் சேர்த்தால்தான் ஒரு கல் வரும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதி இருப்பவர்களுக்கு அடுத்த கணக்கு: 40 வீடு உள்ள தெரு என்றால் ஒரு வாரத்துக்குள் ஒரு கல். அதோடு கரையில் கிடக்கும் அறுந்த கயிறு, எண்ணெய் கவர், மளிகைக் கவர் எல்லாம் சேர்ந்தால் சாக்கு நிரம்ப அதிக நாள் ஆகாது.

கல் அடிப்பதில் அடுப்பு வேலை ஒரு நாள்தான். தரம் பிரிக்கிற வேலை பத்து நாள். அந்தப் பத்து நாளைச் சரியாகச் செய்தவர்களுக்குக் கல் தானாக வரும். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் இடம் அதிகம்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

நம் கரையில் வீடு கட்டியவர்களுக்கு உப்புப் பிரச்சினையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டி ஐந்தாறு வருடத்தில் அடிச்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, செங்கல் மாவாகக் கொட்டும். செங்கல் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரோடு உப்பும் ஏறும் என்பதுதான் காரணம். சுட்ட செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. பிளாஸ்டிக்கும் மணலும் சேர்ந்த கல் ஒழுங்காக அழுத்தப்பட்டிருந்தால் தண்ணீரை ஏறக்குறைய தொடுவதே இல்லை. அந்த வகையில் நம் மண்ணுக்கு ஏற்ற கல்.

அதற்காக இதில் வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது தீயில் எரியும் பொருள். பாரத்தைத் தொடர்ந்து தாங்கும்போது மெல்ல மெல்ல அமுங்கும். சிமெண்ட் கலவை இதில் சரியாகப் பிடிக்காது. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டில் யுனிசெஃப் துணையோடு பிளாஸ்டிக் கல்லில் பள்ளி வகுப்பறைகளே கட்டியிருக்கிறார்கள், உண்மைதான். அது கொலம்பியாவின் ஒரு நிறுவனம் தொழிற்சாலையில், இயந்திரத்தில், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வடிவத்தில் தயாரிக்கும் கல். நம்முடையது அரைப் பேரலும் மண்வெட்டியும். கென்யாவில் நைரோபியில் நஸாம்பி மட்டீ என்ற இளம் பொறியாளர் பிளாஸ்டிக்கும் மணலும் கலந்து கல் செய்து, ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு இளம் சாதனையாளர் விருது பெற்றார். அவர் செய்ததும் சுவருக்கான கல் அல்ல, நடைபாதைக் கல்.

நாமும் தரையோடு நிற்போம். வாசல் பாதை, குழாயடி, துவைகல்லைச் சுற்றி, தென்னம்பாத்தி வரப்பு, செடிக்குக் கரை. இவ்வளவுக்கு ஆகும். அடுப்படிப் பக்கம், கூரை தாங்கும் சுவர், கார் நிற்கும் இடம் ஆகாது. கடற்கரை மணலிலும் பதிக்கக் கூடாது. அலையும் வெயிலும் தேய்த்துத் துகளாக்கித் திரும்பக் கடலுக்கே அனுப்பிவிடும். அதற்கு நாம் இத்தனை பாடுபட்டிருக்க வேண்டாம்.

சாக்கைப் பிரிப்பது

கரையிலும் தெருவிலும் கிடைப்பதை நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும்.

முதல் குவியல், கல்லுக்கு. பால் கவர், தயிர் கவர், சமையல் எண்ணெய் கவர் உள்ளிட்ட மென்மையான கவர்கள். இவை பெரும்பாலும் எல்டிபிஇ என்ற வகை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பால், எண்ணெய் கவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதனால் தடைக்குப் பிறகும் இது மட்டும் குறையவில்லை. சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். நமக்கு இதுதான் அரிசி. பிறகு எச்டிபிஇ: உடைந்த கேன், பாட்டில் மூடிகள். இது 130 டிகிரி வாக்கில் உருகும். அப்புறம் பிபி என்கிற வகை: மிதக்கும் கயிறு, உடைந்த நாற்காலி, உரச் சாக்கு. இதற்கு 165 வரை போக வேண்டும். கல்லுக்கு உறுதி கொடுப்பது பின்னால் சொன்ன இரண்டும்தான். ஆனால் கயிறு அதிகமானால் கலவை கட்டிகட்டியாக நிற்கும், சேராது. மொத்தப் பிளாஸ்டிக்கில் கால் பங்குக்கு மேல் நான் கயிறு சேர்ப்பதில்லை.

இரண்டாவது குவியல், பழைய இரும்புக் கடைக்கு. தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எல்லாம் பெட் வகை. இது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பால் கவர் புகைந்து கெட்டுப்போகும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் ஒன்று தீயும், ஒன்று உருகாமல் முழிக்கும். அதுமட்டுமல்ல, பாட்டிலைக் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறார்; அதிலிருந்து நூல் எடுக்கிறார்கள். யாரோ வாங்குகிற பொருளைக் கல்லுக்குள் புதைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. நல்ல நிலையில் உள்ள எச்டிபிஇ கேனையும் அப்படியே விற்றுவிடுங்கள். கல்லுக்கு வர வேண்டியது யாருக்கும் வேண்டாதது.

மூன்றாவது குவியல்தான் ஆபத்து: பிவிசி. குழாய்த் துண்டு, வயர் மேலுறை, ரெக்சின், மேசை விரிப்பு, ஆஸ்பத்திரிக் குழாய், எல்லாவற்றுக்கும் மேல் ஃப்ளெக்ஸ் பேனர். காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை நம் ஊரில் அடிக்கிற பேனர் அத்தனையும் பிவிசி பூசிய துணி. சூடேறினால் இதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும், எரிந்தால் டையாக்சின் வரும். நான் ஆரம்பித்த புதிதில், சாக்கின் அடியில் ஒரு முழம் பேனர் துண்டு கிடந்ததைக் கவனிக்காமல் எல்லாவற்றோடும் சேர்த்து நறுக்கிவிட்டேன். சட்டியில் போட்டுக் கால் மணி நேரத்துக்குள் மூக்கில் ஊசி குத்தியது போல ஒரு நெடி. கண்ணில் தண்ணீர், தொண்டையில் கரகரப்பு. அடுப்பை விட்டுவிட்டுக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடினோம். அந்தச் சட்டி மொத்தமும் வீண். அச்சில் ஒரு வாரத்தில் துரு ஏறிவிட்டது. ஒரு முழம்தான்.

நான்காவது, எதற்கும் ஆகாத மிச்சம்: உள்ளே வெள்ளி மினுக்குகிற சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், தெர்மோகோல், செருப்பு. அப்புறம் நைலான் வலை. தங்கூசி வலையைப் பார்த்ததும் இவ்வளவு கிடக்கிறதே என்று கை துறுதுறுக்கும். நைலான் 220 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் சட்டியில் தலைமுடி போல அப்படியே கிடந்து கல்லைப் பிளக்கும். வலையைத் தனியாகச் சேர்த்து, வாங்குகிற பழைய சாமான் வியாபாரியிடம் கொடுங்கள்.

சரி, எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் பாருங்கள்: 2, 4, 5 நமக்கு, 1 கடைக்கு, 3 தொடவே வேண்டாம். எண் இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் போதும். நகம் அளவு வெட்டி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரில் நனைத்து (இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்) வாளிக்குள் அமுக்கிவிடுங்கள். எல்டிபிஇ, எச்டிபிஇ, பிபி மூன்றும் தண்ணீரைவிட லேசு, மேலே வரும். பெட், பிவிசி, நைலான் மூழ்கும். நல்ல தண்ணீர் வீணாக்க வேண்டாம், கடல் தண்ணீரிலும் இது அப்படியேதான் நடக்கும். தெர்மோகோலும் வெள்ளி பாக்கெட்டும் மிதந்தாலும் கண்ணுக்கே தெரியும், எடுத்துப் போடுங்கள்.

கயிறு விஷயத்தில் கடல்காரர்களுக்கு வாளியே தேவையில்லை. எங்கள் குழுவில் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் கயிற்றை விரலுக்கிடையே ஒரு முறை உருவிவிட்டு, “இது மெதக்குற கயிறு தம்பி, சட்டியில போடு. இது தாழுற கயிறு, அந்தப் பக்கம் வை” என்பார். நான் வாளியில் போட்டுச் சரிபார்ப்பதை நிறுத்தி நாளாகிறது.

மூழ்கிய துண்டு பிவிசியா என்று சந்தேகம் வந்தால் ஒரு செம்புக் கம்பியைக் குறடில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பிவிசி. வெளியிடத்தில், நகம் அளவுத் துண்டில் மட்டும்.

கழுவுவது, காயவைப்பது, நறுக்குவது

தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் கவர் கழுவக் குடிதண்ணீரைச் செலவழித்தால் வீட்டில் சண்டை வரும், நியாயம்தான். முதல் இரண்டு அலசல் கடல் தண்ணீரிலோ உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரிலோ. கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். உப்பு போகாவிட்டால் அச்சு துருப்பிடிக்கும். பால் கவரின் மூலையில் தங்கும் பால்தான் நாற்றத்துக்குக் காரணம், ஆகவே ஒரு பக்கத்தை முழுதாகக் கிழித்துவிட்டுக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டியே கொட்டுங்கள். துணுக்குகள் கடலுக்குப் போகக் கூடாது.

வெயிலில் இரண்டு நாள் காயட்டும். நம் ஊர் காற்றுக்குப் பறந்துவிடும், மேலே பழைய வலையைப் போட்டு மூடுங்கள். அதற்காவது அந்த வலை உதவட்டும். காய்ந்ததும் விரல் நகம் அளவுக்கு நறுக்க வேண்டும். கவரைக் கத்தரிக்கோலால் நறுக்கலாம். கயிற்றை அரிவாள்மணையில் வைத்து இரண்டு செண்டிமீட்டர் துண்டாக. கேன், நாற்காலி போன்ற கெட்டிச் சாமான்களுக்கு அரவை இயந்திரம் இல்லாமல் முடியாது. ஆரம்பத்தில் அதை விட்டுவிடுங்கள்.

மணல்

கடற்கரை மணலை அள்ளாதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அங்கே மணல் எடுப்பது தடை செய்யப்பட்டது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், மேட்டு மணல் போனால் கடல் உள்ளே வரும். இந்தக் கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி வீடு கட்டினார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரில் இன்றும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். இப்போது பவளத்தைத் தொட்டாலே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பிளாஸ்டிக் பொறுக்குவதற்காகக்கூட வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே படகை விடாதீர்கள். ஊர்க்கரையில் கிடப்பதே நமக்கு அதிகம்.

எம் சாண்ட் அல்லது கிரஷர் தூள் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மிச்சம் கேட்டாலே முதல் சில சட்டிகளுக்குக் கிடைத்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். மாவு போன்ற தூசி அதிகம் இருந்தால் அது பிளாஸ்டிக்கைக் குடித்துவிடும், கல் பொலபொலக்கும். சலிக்கும்போது முகமூடி போடுங்கள், கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

தட்டுமுட்டுச் சாமான்

நெடுக்கே பிளந்த இரும்புப் பேரலின் ஒரு பாதி, அதுதான் சட்டி. முன்பு ரசாயனமோ எண்ணெயோ இருந்த பேரல் என்றால் பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே ஆவி இருக்கும் பேரலில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். நீளப் பிடி மண்வெட்டி இரண்டு. உலோகத் தண்டு உள்ள 300 டிகிரி வெப்பமானி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அச்சுக்கு வெல்டிங் பட்டறையில் சொல்லுங்கள்: உள்ளளவு 230க்கு 110 மில்லிமீட்டர், உயரம் 100. அழுத்திய பிறகு கல் 70 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்; மேலே உள்ள 30 மூடி உள்ளே இறங்குவதற்கு. ஐந்து மில்லிமீட்டர் தகடு. அடிப்பக்கத்தைவிட வாய்ப்பக்கம் ஒரு நூல் அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கல் வெளியே வராது. இதைச் சொல்ல மறந்து நாலு அச்சைத் திரும்பப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். நாலு அச்சாவது வேண்டும், ஒரு கல் ஆற ஒரு மணி நேரம் ஆகும் என்பதால். அழுத்துவதற்கு இரும்புச் சட்டத்துக்குள் நிற்கும் மூன்று டன் ஹைட்ராலிக் ஜாக்கி.

தோல் கையுறை, பருத்திச் சட்டை (பாலியஸ்டர் வேண்டாம், உடம்போடு ஒட்டும்), மூடிய ஷூ, கண்ணாடி. முகமூடி ரசாயன ஆவியை வடிகட்டும் வகையாக இருக்க வேண்டும். கொரோனா காலத்து முகமூடி தூசிக்குத்தான், ஆவிக்கு உதவாது. பக்கத்தில் நாலு வாளி மணல். உருகிய பிளாஸ்டிக்கில் தீப்பிடித்தால் மணலைப் போட்டு மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் ஆவி குபீரென்று கிளம்பி உருக்கைச் சிதறடிக்கும். தண்ணீர் வாளி வேறு காரியத்துக்கு: யார் மேலாவது சூடான கலவை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள், ஒட்டியதைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுப்பு நாள்

ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் அடுப்பு கூடாது. திறந்த வெளியாக இருக்கட்டும், காற்று வரும் பக்கம் தகரத் தடுப்பு. கச்சான் காற்று வேகமாக வீசுகிற நாளில் ஆரம்பிக்கவே வேண்டாம், தீ கைக்கு அடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மணல் காயாது. எங்களுக்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாள். ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலையும் கயிறும் பழுது பார்ப்பதால் அறுந்த கயிறு கிடைக்கும், வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதிலும் காலையில், காற்று எழும்புவதற்கு முன்பே அடுப்பு வேலையை முடித்துவிடுவோம்.

பிளாஸ்டிக்கை உருக்கி அதில் மணலைக் கொட்டுவதைத்தான் பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளாஸ்டிக் நேரடியாகத் தகரத்தில் பட்டுக் கருகும், புகையும், தீப்பிடிக்கும். தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் மணலைக் காய்ச்சி, காய்ந்த மணலில் பிளாஸ்டிக்கைத் தூவுங்கள். வறுகடலைக்காரர் கடலையைத் தீயில் வறுப்பதில்லை, மணலில் வறுக்கிறார் அல்லவா, அதே தந்திரம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் சாலைக்குக் கண்ட வழியும் இதற்கு உறவுதான். ஜல்லியை 170 டிகிரி வாக்கில் சூடாக்கி, அதன் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது கல்லின் மேல் பூச்சாகப் படியும், பிறகுதான் தார். அதற்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நாலு கல்லுக்கு அளவு: சலித்த மணல் 9 கிலோ, நறுக்கிய பிளாஸ்டிக் 3 கிலோ. தராசில் நிறுங்கள், வாளிக் கணக்கு வேண்டாம்; பிளாஸ்டிக் வாளியில் எத்தனை அமுக்கினாலும் ஏமாற்றும்.

மணலைச் சட்டியில் கொட்டி, சீமைக்கருவேல விறகைக் கங்காக்கி அதன் மேல் வையுங்கள். நம் மாவட்டத்தில் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் குறைவே கிடையாது. கொழுந்துவிட்டு எரியும் தீ வேண்டாம், கங்கு போதும். மணலைப் புரட்டிக்கொண்டே இருங்கள். ஈரம் இருந்தால் முதலில் ஆவி கிளம்பும். அது முழுதாக அடங்கும்வரை பிளாஸ்டிக் பக்கம் போகாதீர்கள். ஈரமணலில் தூவினால் கலவைக்குள் ஆவி சிக்கி, கல் ஆறிய பிறகு பிட்டுப் பார்த்தால் உள்ளே ஆப்பம் போலத் துளைதுளையாக இருக்கும்.

வெப்பமானி 200 காட்டியதும் பிளாஸ்டிக்கை ஒவ்வொரு கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். போடப் போடச் சூடு இறங்கும். 160க்கும் 180க்கும் நடுவில் நிறுத்திவையுங்கள். வெள்ளையாகப் புகை எழுந்தால் சூடு அதிகம், கங்கை வெளியே இழுத்துவிடுங்கள். முதலில் மணல் தனி, கவர் தனியாகச் சுருண்டு சுருண்டு கிடக்கும், இது சேரவே சேராது என்று தோன்றும். பதினைந்து நிமிடம் விடாமல் கிளறினால் மெல்ல நிறம் கறுத்து, மணல் ஒன்றோடொன்று பிடிக்க ஆரம்பிக்கும். ரவை உப்புமா சட்டியில் ஒட்டாமல் திரண்டு வருகிற பதம் தெரியும் அல்லவா? அதுதான். மண்வெட்டியில் அள்ளித் தூக்கினால் உதிராமல் ஒரே கட்டியாக நிற்க வேண்டும். தனி மணல் கொட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். பிபி கயிறு சேர்த்திருந்தால் கடைசியாக உருகுவது அதுதான்; அது கரைந்ததா என்று பாருங்கள்.

அச்சைப் பழைய எண்ணெய் தடவித் தயாராக வைத்திருங்கள். ஒரு கல்லுக்கு 3 கிலோ கலவை, மூன்று தடவையாக. ஒவ்வொரு தடவையும் கம்பியால் மூலைகளைக் குத்துங்கள், மூலையில்தான் காற்று நிற்கும். கைப்பிடி கரடுமணலை மேற்பரப்பில் தூவி மூடியை வைத்து ஜாக்கியால் அழுத்துங்கள். தூவிய மணல் கல்லோடு பதிந்து சொரசொரப்பாகும். மழை நாளில் குழாயடியில் வழுக்காமல் இருக்க இதுதான் வழி. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பத்து நிமிடம் அழுத்தத்தை விடாதீர்கள். உடனே எடுத்தால் நடுவில் குழி விழும். பிறகு அச்சோடு ஒதுக்கி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கவிழ்த்துத் தட்டுங்கள்.

கல்லைச் சோதிப்பது

செங்கல் இரண்டைத் தட்டினால் கணீர் என்னும். இது டொக் என்றுதான் சொல்லும், பயப்பட வேண்டாம். ஒரு நாள் விட்டு இடுப்புயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போடுங்கள். முனை சிதறினால் பிளாஸ்டிக் போதவில்லை, அல்லது கிளறல் போதவில்லை. உடைந்ததை வீசாமல் நொறுக்கி அடுத்த சட்டியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நிறுத்துப் பார்த்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி நிறுங்கள். 3 கிலோக் கல் 30 கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் உள்ளே துளை இருக்கிறது. மூன்றாவது சோதனை சித்திரை வெயில். மொட்டைமாடியில் இரண்டு மணிக்கு வைத்து, மேலே ஒரு சிமெண்ட் மூட்டையைச் சாய்த்துவிட்டு மாலையில் பாருங்கள். முழுக்கப் பால் கவரில் அடித்த எங்கள் முதல் கற்களில் பைக் ஸ்டாண்டு பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கயிறு சேர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பொது இடத்தில் பதிக்கப்போகிறீர்கள் என்றால் பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் சிவில் சோதனைக்கூடத்தில் நாலைந்து கல்லைக் கொடுத்து அழுத்த வலிமை எவ்வளவு என்று எழுதி வாங்கிவிடுங்கள். சாதாரணச் செங்கல்லுக்கே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் என்பது குறைந்தபட்ச வரம்பு.

பதிப்பது

கொத்தனாருக்கு இதில் ஒரே ஒரு விஷயம் புதிது: சிமெண்ட் வேண்டாம். தரையைத் திமிசு போட்டு இறுக்கி, நாலு செண்டிமீட்டர் கிரஷர் தூள் பரப்பி, ஐம்பது அடிக்கு ஒரு அடி வாட்டம் வைத்து, கல்லை அடுக்க வேண்டியதுதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயிலில் இது செங்கல்லைவிட அதிகம் விரியும். நெருக்கி அடுக்கினால் நடுப்பகலில் பாதை முதுகைத் தூக்கும். இடைவெளியில் மணலைப் பெருக்கி நிரப்பினால் போதும். இரண்டு ஓரத்திலும் சிமெண்ட் கரை கட்டாயம், இல்லாவிட்டால் வரிசை விலகும்.

மிச்சத்துக்கு ஒரு வழி

நான்காவது குவியலில் ஒதுக்கிய வெள்ளி பாக்கெட்டுகளுக்குத் தீயில்லாத வேலை ஒன்று உண்டு. குளிர்பான பாட்டிலுக்குள் அவற்றைக் கழுவிக் காயவைத்து, மூங்கில் குச்சியால் இடித்து இடித்து நிரப்புவது. ஒரு லிட்டர் பாட்டில் குறைந்தது 330 கிராம் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் நசுங்கும். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடக் கூடாது. இந்த வேலையை அவர்களிடம் கொடுக்கலாம். பாத்திக் கரைக்கு மண்ணோடு சேர்த்துப் பதிக்க உதவும். வெயில் நேராகப் படாமல் மண்ணோ சிமெண்ட்டோ பூசிவிட வேண்டும். கடல்பாசி வளர்க்கும் மிதவையிலிருந்து கழற்றிய பாட்டில் இதற்கு ஆகாது, வெயில் தின்று மொறுமொறுத்துப் போயிருக்கும்.

அனுமதி

சொந்த வீட்டு வாசலுக்கு நாலு கல் அடிப்பது வேறு, தொழிலாகச் செய்வது வேறு. விற்கப்போகிறீர்கள் என்றால் 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு அலைவதை நினைத்துச் சோம்பினால், அரவையும் உருக்கலும் வைத்திருக்கும் பதிவு பெற்ற ஒருவருக்குப் பிரித்த பிளாஸ்டிக்கை விற்பதே நல்ல வியாபாரம். சின்ன அளவில் செய்தாலும் ஊராட்சியில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புகையைப் பார்த்து யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று புகார் போனால் விளக்கம் சொல்லியே நாள் போய்விடும்; குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது குற்றம் என்பதால் வருகிறவர்களையும் குறை சொல்ல முடியாது.

முதல் நாள்

மூன்று பேர் போதும்: ஒருவர் கங்குக்கு, ஒருவர் கிளறலுக்கு, ஒருவர் தராசுக்கும் அச்சுக்கும். காலை ஆறு மணிக்கு மணலை ஏற்றினால் ஏழரைக்கு முதல் அச்சு நிரம்பும், ஒன்பதரைக்குள் நாலு கல்லும் கவிழ்ந்துவிடும். அன்றைக்கு இரண்டாவது சட்டி ஏற்ற வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். நாலு கல்லிலும் ஆணியால் தேதியையும் கலவை அளவையும் கீறி வையுங்கள். மறுநாள் ஒன்றைத் தரையில் போட்டு உடைத்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த சாக்கை அவிழுங்கள்.